ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம்: மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள்

(நமது சங்கத்தின் புனே கிளை நடத்திய மாணவர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற உயிர்வேதியியல் ஆராய்ச்சியாளரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர் உறுப்பினர்களும் பயன்பெறும் பொருட்டு வெளியிடுகிறோம்.)

 

கிளைச் செயலாளர் என்னை அழைத்தபோது, "மாமா, விஞ்ஞானத்தைப் பற்றிப் பொதுவாக நாலு வார்த்தை பேசினால் போதும்" என்றார். பொதுவாகப் பேசினால் எல்லோரும் கைதட்டுவீர்கள். காப்பி குடித்ததும் மறந்துவிடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காலேஜில் படிக்கிற பிள்ளைக்கோ பெண்ணுக்கோ ஒரு நல்ல ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாதமோ ஆறு மாதமோ வேலை செய்ய இடம் கிடைக்கிறது. அந்த நாட்களை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வது எப்படி? இதுதான் இன்றைய பேச்சு.

இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவன் நான். கோடை விடுமுறைக்கு வரும் மாணவர்களை வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். மார்க்கில் எல்லோரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். இரண்டு மாதம் கழித்துப் போகும்போது ஒன்றுபோல இருக்க மாட்டார்கள். சிலர் ஒரு சர்ட்டிபிகேட்டோடு போவார்கள். சிலர் தாங்கள் யார், தங்களுக்கு என்ன வரும் என்று தெரிந்துகொண்டு போவார்கள். அந்த வித்தியாசம் புத்திசாலித்தனத்தால் வருவதல்ல, பழக்கத்தால் வருவது. பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும்.

இடம் கிடைப்பது எப்படி

முதலில் வாசலைக் காட்டிவிடுகிறேன். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான அகாடமி, டில்லியிலுள்ள இந்திய தேசிய விஞ்ஞான அகாடமி, அலகாபாத்திலுள்ள தேசிய விஞ்ஞான அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் நடத்துகின்றன. மாணவர்கள் மட்டுமல்ல, காலேஜ் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. போன்றவை தனித்தனியே கோடைத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. 2006-ல் புனேயிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய ஐஸர் கல்வி நிலையங்கள் இன்று ஏழு இருக்கின்றன. 1999-ல் ஆரம்பித்த கே.வி.பி.ஒய். திட்டத்தைப் பற்றிப் பல பெற்றோர்கள் இன்னமும் என்னைக் கேட்கிறார்கள். அது 2022-ல் இன்ஸ்பயர் திட்டத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். கோடைக்கான ஏற்பாடுகளை ஏப்ரலில் ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும். தீபாவளி பட்சணம் தீர்வதற்குள் விண்ணப்பம் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட வேண்டும். சில திட்டங்களுக்குக் கடைசித் தேதி வருஷம் முடியும் முன்பே வந்துவிடும்.

திட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பேராசிரியருக்கு நேரே எழுதலாம். ஆனால் ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பாதீர்கள். "தங்கள் மகத்தான ஆராய்ச்சியால் ஈர்க்கப்பட்டேன்" என்று தொடங்கும் கடிதத்தை இரண்டாவது வரி வரை யாரும் படிப்பதில்லை. இப்போது கம்ப்யூட்டரே கடிதம் எழுதிக் கொடுக்கிறது. அதனால் எல்லாக் கடிதமும் ஒரே குரலில் இருக்கிறது. ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருடைய சமீபத்திய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இரண்டையாவது படியுங்கள். பாதிதான் புரியும்; பரவாயில்லை. புரிந்த பாதியில் ஒரு கேள்வி எழும். அந்தக் கேள்வியை எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், கையில் என்ன திறமை இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் சொல்லுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம்.

"கையில் திறமையா? நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம்தானே" என்று கேட்கலாம். 1921-ஆம் வருஷக் கோடைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். கனடாவில் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங் என்ற இளம் டாக்டருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தையும் இரண்டு மாணவ உதவியாளர்களையும் ஒதுக்கினார்கள். இரண்டு பேரில் யார் முதலில் வேலை செய்வது என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். முதல் முறை சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவருக்கு விழுந்தது. அவருக்கு வயது 22. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்க அவருக்குத் தெரியும். பாண்டிங்குக்கு அந்த அளவுதான் தினமும் வேண்டியிருந்தது. பாதிக் கோடை முடிந்ததும் மற்றவர் வரவே இல்லை, பெஸ்ட் நிலைத்துவிட்டார். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்ஸுலின் கொடுக்கப்பட்டது. 1923-ல் பாண்டிங்குக்கும் துறைத் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு வந்தபோது, பாண்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். காசு விழுந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் சர்க்கரை அளக்கத் தெரிந்தது அதிர்ஷ்டமல்ல. ஒரு விஷயத்தையாவது நம்பகமாகச் செய்யத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதாக இருக்கலாம், டைட்ரேஷனாகக்கூட இருக்கலாம்.

முதல் வாரம்

உள்ளே போனதும் தெரியும், பேராசிரியரை வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் பெரிய விஷயம். உங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கப் போகிறவர் ஒரு பி.ஹெச்.டி. மாணவர். அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். ஃபெல்லோஷிப் முடிய இரண்டு வருஷம் இருக்கும். கட்டுரை ஒன்று பாதியில் நிற்கும். வீட்டில் "எப்போது முடிப்பாய்" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதற்கு நடுவில்தான் அவர் உங்களுக்கு நேரம் கொடுக்கிறார். "சொல்லிக் கொடுக்க மாட்டேங்கறா மாமா" என்று குறைப்படுவதற்கு முன் இதை யோசியுங்கள். கேள்விகளை அப்போதைக்கப்போது கேட்டுத் தொந்தரவு செய்யாமல் ஒரு தாளில் சேர்த்து வைத்து, அவர் டீ குடிக்கப் போகும்போது கேளுங்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்விக்கு இரண்டு முறை பதில் சொல்ல யாரும் முகம் சுளிப்பதில்லை. மூன்றாவது முறைதான் சுளிப்பார்கள்.

டெக்னீஷியனையும் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவையும் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவரையும் பெயர் சொல்லி மரியாதையோடு பேசப் பழகுங்கள். எந்த மெஷின் என்றைக்குத் தகராறு செய்யும் என்பது பேராசிரியரைவிட டெக்னீஷியனுக்குத்தான் தெரியும்.

முதல் வாரத்தில் பெரிய பரிசோதனை எதுவும் கொடுக்க மாட்டார்கள். அதை அவமானமாக நினைக்காதீர்கள். கையைப் பழக்கிக்கொள்ள அதுதான் சமயம். உயிரியல், ரசாயன ஆய்வுக்கூடங்களில் மைக்ரோபைப்பெட் என்ற கருவி இருக்கும். 1000 மைக்ரோலிட்டர் என்று திருகி வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்து, துல்லியத் தராசில் விடுங்கள். ஒரு கிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். பத்து முறை செய்து பத்து எண்களையும் எழுதுங்கள். எண்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஆனால் ஒரு கிராமிலிருந்து விலகி நின்றால் கருவியில் கோளாறு இருக்கலாம். எண்கள் அங்குமிங்கும் சிதறினால் கோளாறு பெரும்பாலும் கையில்தான். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் இரண்டு மாதம் அளந்தவர்கள், கடைசியில் தங்கள் அளவை தாங்களே நம்ப முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தைத்த நோட்டு, பக்க எண் போட்டது, பேனாவால் எழுதுவது. தேதி, மெஷினின் பெயர், ரசாயனப் பாட்டிலில் இருக்கும் லாட் எண் எல்லாம் இருக்க வேண்டும். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. உதிரித் தாளில் எழுதி ராத்திரி அழகாகக் காப்பி எடுக்கவும் கூடாது. காப்பி எடுக்கும்போது மனசு தனக்குப் பிடிக்காததை விட்டுவிடும். எதிர்பார்த்தது வந்தாலும் எழுத வேண்டும். வராவிட்டால் இன்னும் விவரமாக எழுத வேண்டும்.

ஏன் என்று ஒரு சரித்திரம் சொல்கிறேன். ஸர் சி.வி. ராமனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராயத் தொடங்கினார். கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் இளைஞர்கள். 1923-ல் கே.ஆர். ராமநாதன், பாலக்காடு கல்பாத்திக்காரர், சுத்தமான தண்ணீரில் ஒளியைச் செலுத்தியபோது, இருக்கக் கூடாத நிறத்தில் மிக மங்கலாக ஒரு ஒளியைக் கண்டார். தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். மீண்டும் மீண்டும் சுத்திகரித்தார்கள். ஒளி போகவில்லை. ராமநாதன் அதை மறைக்காமல் பதிவு செய்தார். பிறகு கே.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர், 65 திரவங்களைச் சோதித்தார். அவர் கண்ணிலும் அது பட்டது. வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்த வெங்கடேசுவரன், சுத்தமான கிளிசரினில் சிதறும் ஒளி வழக்கமான நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதையும், அது வலுவாகத் தளவிளைவு அடைந்திருப்பதையும் கண்டார். அழுக்கினால் வரும் சாதாரண ஒளிர்வுக்கு அந்தக் குணம் இருக்காது. அப்போதுதான் ராமனுக்குப் பொறி தட்டியது. கிருஷ்ணனை முழு நேரமும் அதில் இறக்கினார். 1928 பிப்ரவரி 28 அன்று விடை கிடைத்தது. அதைத்தான் நாம் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

1923-க்கும் 1928-க்கும் நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் விடை அந்த மங்கல் ஒளியிலேயே இருந்தது. அதைக் "குப்பை" என்று யாராவது எழுதாமல் விட்டிருந்தால், பின்னால் வந்தவருக்கு நூல் நுனி கிடைத்திருக்காது. உங்கள் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு விசித்திரமும் நோபல் பரிசு ஆகாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழுக்காகத்தான் இருக்கும். ஆனால் எது எந்தப் பக்கம் என்று அன்றைக்குத் தெரியாது.

ஒரு சின்னக் குப்பியின் கதை

நோபல் பரிசெல்லாம் எட்டாத உயரம் என்று நினைக்கிறவர்களுக்காக, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

ஒரு கோடையில் எங்களிடம் எம்.எஸ்ஸி. முதல் வருஷப் பெண் ஒருத்தி வந்தாள். பாஸ்ஃபடேஸ் என்ற என்ஸைமின் வேகத்தை அளப்பது வேலை. அந்த என்ஸைம் ஒரு நிறமற்ற பொருளை மஞ்சளாக்கும்; மஞ்சள் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஒளி அளவையில் பார்க்க வேண்டும். கூடவே என்ஸைமே போடாத ஒரு குழாயும் வைப்பது முறை. அதை பிளாங்க் என்போம். அது மஞ்சளாகக் கூடாது. இந்தப் பெண்ணின் பிளாங்க் லேசாக மஞ்சளாயிற்று. கற்றுக்கொடுத்த பி.ஹெச்.டி. பையனிடம் சொன்னாள். "கொஞ்சம் ஆகும். கழித்துக்கொண்டால் போச்சு" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. பிளாங்க் கழிப்பதற்காகத்தான் இருக்கிறது.

ஆனால் அவள் தினமும் புதிதாக பிளாங்க் வைத்து, எண்ணைத் தேதியோடு எழுதி வந்தாள். நாலு வாரம் கழித்து அந்த எண்களை ஒரு வரைபடத்தில் போட்டாள். ஏறிக்கொண்டே போயிற்று. பஃபர் பாட்டிலில் கிருமி வளர்ந்திருந்தது. கிருமிக்கும் சொந்தமாகப் பாஸ்ஃபடேஸ் உண்டு. அந்தப் பையனோ, ஆரம்பத்தில் ஒரு நாள் அளந்த பிளாங்கையே பல மாதங்களாகக் கழித்து வந்திருந்தான். அவன் முடிவுகளில் கடைசியில் எடுத்தவை எல்லாம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டின. கட்டுரை எழுதி முடித்து, அனுப்பத் தயாராக மேஜைமேல் இருந்தது.

அவள் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்தவள், இன்னும் மூன்று வாரத்தில் போய்விடுவாள். சொன்னால், தனக்குக் கற்றுக்கொடுத்தவனுடைய உழைப்பு போகும்; சொல்லாவிட்டால், பொய் அச்சேறும். நாலாவது நாள், பேராசிரியரிடம் போகாமல், முதலில் அந்தப் பையனிடமே நோட்டைத் திறந்து காட்டினாள். "அண்ணா, நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா, பாருங்களேன்" என்றாள். அவன் பார்த்தான். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. மறுநாள் அவனே நோட்டை எடுத்துக்கொண்டு கைடிடம் போனான். புது பஃபர் தயாரித்து, கிருமி நீக்கி, எல்லாவற்றையும் மறுபடி செய்ய நாலு மாதம் ஆயிற்று. கட்டுரையின் முக்கிய முடிவு நின்றது. துணை முடிவு ஒன்று விழுந்துவிட்டது. வெளியான கட்டுரையில் அவள் பெயரையும் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கச் சொன்னவன் அவன்தான்.

இதில் நான் கவனித்தவை மூன்று. அவள் கையில் இருந்தது சந்தேகம் அல்ல. தேதியிட்ட இருபது எண்கள். அவள் முதலில் சம்பந்தப்பட்டவரிடம் போனாள். குற்றம் சாட்டாமல் கேள்வியாகக் கேட்டாள். தைரியம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். நோட்டு சரியாக இருந்தால் பாதித் தைரியம் தானாக வரும்.

பாதுகாப்பு

2008 டிசம்பர் கடைசியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருத்தி, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு ரசாயனத்தைச் சிரிஞ்சில் எடுத்தாள். பிஸ்டன் கழன்று ரசாயனம் கொட்டியது. அவள் லேப் கோட் போடவில்லை. போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். பதினெட்டு நாள் கழித்து இறந்துபோனாள். பணக்கார தேசத்தில், பெரிய பல்கலைக்கழகத்தில் நடந்தது இது.

ஆகவே குழந்தைகளே, பருத்தி லேப் கோட், கண்ணாடி, மூடிய ஷூ இல்லாமல் உள்ளே போகாதீர்கள். அவசரக் குளியல் ஷவரும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். செய்து காட்டாத எதையும், "தெரியும்" என்று தலையாட்டிவிட்டுச் செய்யாதீர்கள். ராத்திரி தனியாக வேலை செய்யாதீர்கள். "எனக்குப் பயமாக இருக்கிறது, கூட நிற்கிறீர்களா" என்று கேட்பது வெட்கமல்ல.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013-ஆம் வருஷச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒரு குழு இருந்தே ஆக வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது. நெருப்பணைப்பான் எங்கே என்று தெரிந்துகொள்வது போலத்தான்.

பெயரும் புகழும்

உழைப்பு உங்களுடையது, பெயர் யாருக்கு? இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, தானும் சேர்ந்து கட்டிய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைக் கண்ணால் பார்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மீட்டர் காகிதம். அதில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. மனிதர்கள் உண்டாக்கிய இரைச்சலாக இருக்கும் என்றுதான் கைடுக்குத் தோன்றியது. அவர் விடவில்லை. ஒன்றே கால் விநாடிக்குச் சற்று அதிகமான இடைவெளியில் தவறாமல் துடிக்கும் நட்சத்திரம் அது, பல்ஸார் என்கிறோம். 1974-ல் நோபல் பரிசு கைடுக்கும் இன்னொரு பேராசிரியருக்கும் போயிற்று, மாணவிக்கு இல்லை. இது நியாயமா என்று உலகம் இன்றும் விவாதிக்கிறது. 2018-ல் அவருக்கு முப்பது லட்சம் டாலர் கொண்ட வேறொரு பெரிய பரிசு வந்தபோது, முழுவதையும் பௌதிகம் படிக்கும் மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மாத வேலைக்கு ஆசிரியர் பட்டியலில் பெயர் வருவது அபூர்வம். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்வார்கள், அது கௌரவம்தான். அதிக காலம் வேலை செய்வதானால், நடுவிலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள்: "எவ்வளவு செய்தால் ஆசிரியராகப் பெயர் வரும்?" முதலில் கேட்டால் அது சந்தேகம் தீர்ப்பது. கடைசியில் கேட்டால் அது சண்டை.

போகும்போது

கடைசி வாரத்தில் புதுப் பரிசோதனை ஆரம்பிக்காதீர்கள். குளிர்பெட்டியில் உங்கள் குப்பிகள் ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, உள்ளே இருப்பது என்ன என்று எழுதி, ஒரு பட்டியல் கொடுங்கள். மூல நோட்டு ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தம். அனுமதி கேட்டுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிஷம் எல்லோர் முன்னாலும் உங்கள் வேலையைப் பற்றிப் பேச வாய்ப்புக் கேளுங்கள். "முடிவு வரவில்லை" என்றாலும் பேசுங்கள். ஏன் வரவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனை எந்தக் கைடும் மறக்க மாட்டார். சிபாரிசுக் கடிதம் எழுதும்போது எங்களுக்கு உதவுவது இந்த மாதிரி விஷயங்கள்தான். "நல்ல பையன், நேரத்துக்கு வருவான்" என்ற கடிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "பிளாங்கை நாலு வாரம் தொடர்ந்து எழுதினாள்" என்பது ஒரு வரிதான். அதற்கு எடை உண்டு.

பெற்றோர்களுக்கு

கைடுக்குப் போன் செய்யாதீர்கள். "என்ன கண்டுபிடித்தாய்?" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைக் கேட்காதீர்கள். "இந்த வாரம் எது வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்குப் பதில் நிறைய வரும்.

"எங்காத்துப் பொண்ணு எலியை அறுக்கணுமா?" என்று ஒரு மாமி மிகவும் கவலையோடு கேட்டார். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியில் பெரும்பகுதி பிராணிகளே இல்லாமல் நடக்கிறது. பிராணிகள் உள்ள இடங்களிலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. மனம் ஒப்பாவிட்டால் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு சொல்வது மற்றவர்களுக்குக் கஷ்டம்.

இரண்டு மாதம் முடிந்து வந்து, "எனக்கு ஆராய்ச்சி ஒத்துவராது" என்று குழந்தை சொன்னால், போச்சே என்று தலையில் கை வைத்துக்கொள்ளாதீர்கள். அது தெரியாமல் பி.ஹெச்.டி.யில் சேர்ந்து, நாலாவது வருஷம் நடுவில் விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் தெரிந்தது லாபம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இடம் கிடைத்தும் போக முடியாமல் நின்றுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் மார்க்கு அல்ல, தங்குவதற்கு இடம். எல்லா நிறுவனங்களும் கோடை மாணவர்களுக்கு ஹாஸ்டல் தருவதில்லை. பெங்களூரிலோ மும்பையிலோ இரண்டு மாதத்துக்கு வாடகையும் சாப்பாடும் சிறிய ஊர்க் குடும்பத்துக்குப் பெரும் பாரம். கிடைக்கும் உதவித்தொகை அதிலேயே போய்விடும். நம் உறுப்பினர்கள் அநேகமாக எல்லா ஆராய்ச்சி நகரங்களிலும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாடு போய், காலியாக இருக்கும் அறை பலர் வீட்டில் உண்டு. மே, ஜூன் இரண்டு மாதம் ஒரு மாணவருக்கு அந்த அறையையும் ஒரு வேளை ரசம் சாதத்தையும் கொடுக்கக்கூடியவர்கள், தங்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எந்த ஊர்ப் பிள்ளை, யார் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தை மட்டும் பாருங்கள்.

முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மாடியறை காலியாகத்தான் இருக்கிறது.